கண்ணுக்குப் பின்னால் வளரும் இரத்தநாளக் கட்டி

கட்டி என்னும் சொல் நம் மொழியில் இருவேறு பொருள்களைச் சுமக்கிறது. சீழ் வைத்துப் பழுப்பதும் கட்டியே. ஆண்டுக்கணக்கில் வலியின்றி வளர்வதும் கட்டியே. அதனாலன்றோ ஒரு கண் சற்றே முன்தள்ளி நிற்கக் கண்டதும் வீட்டார் பற்றுப் போட முனைகின்றனர்! வடநாட்டு நகரங்களில் வாழும் நம்மவரோ, 'ரசௌலி' என்று மருத்துவமனையில் கேட்டவுடன் புற்றுநோய் என்றே அஞ்சுகின்றனர். அச்சொல் பெரும்பாலும் தீங்கற்ற கட்டியையே குறிக்கும்.

கண் முன்தள்ளுவதற்குத் தைராய்டு நோய் முதலிய காரணங்கள் பல உண்டு. நாம் இங்குக் கூற விழைவது, நடுவயதினரிடம், சிறப்பாகப் பெண்களிடம் காணப்படும் 'கேவர்னஸ் ஹெமாஞ்சியோமா' என்னும் அரிய கட்டியைப் பற்றியே. அகன்ற இரத்த அறைகள் பல சேர்ந்து, மெல்லிய உறையினுள் நாவற்பழ நிறத்தில் அது உருண்டு கிடக்கும்.

கண்குழியின் கொள்ளளவு சுமார் 30 மில்லிலிட்டர். சுற்றிலும் எலும்பு, முன்புறமே வாயில். ஆகவே உள்ளே வளர்வது கண்ணையே முன்தள்ளுகிறது. பார்வை நரம்பு இறுக்கமாக இராமல் சற்று வளைந்து தளர்ந்திருப்பதால், கண் சிறிது முன்வந்த போதிலும் பார்வை கெடுவதில்லை. இயற்கையின் இவ்வேற்பாடே பலரை ஏமாற்றி விடுகிறது. நரம்பு நசுங்கத் தொடங்கினால் நிறங்கள், குறிப்பாகச் சிவப்பு, மங்கித் தோன்றும். அந்நிலையில், கோடை விடுமுறைக்கு ஊர் சென்று பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருத்தல் தகாது.

சிறிய கட்டியாயின் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தலே போதும். நரம்பை நெருக்குமாயின் அறுவை வேண்டும். ஸூரிச் நகரின் க்ரோன்லைன் என்பார் 1888-ஆம் ஆண்டில் கண்குழியின் வெளிச்சுவர் எலும்பைத் திறந்து உட்புகும் முறையை வகுத்தார். இன்றோ, கட்டி இருக்கும் இடத்திற்கேற்ப இமை மடிப்பின் வழியாகவோ, வெண்விழிப் படலத்தின் வழியாகவோ, சிலருக்கு மூக்கின் வழியாகவோ அணுகுகின்றனர். கடுங்குளிரூட்டிய கோலின் நுனியில் கட்டியை ஒட்டச் செய்து மெல்ல வெளியே இழுப்பதும் உண்டு. இரத்தம் அதனுள் மெதுவாகவே ஓடுவதால் பெருக்கு குறைவு. முழுதும் எடுத்துவிட்டால் மீண்டும் தோன்றுவது அரிது. எனினும் குழியின் ஆழ்ந்த முனையில் நரம்பை ஒட்டி இருப்பின், அறுவையாலேயே பார்வை போகவும் கூடும். இதனை முன்னரே கேட்டறிதல் நோயாளியின் உரிமை.

குனியும்போது மட்டும் கண் பிதுங்குமாயின் அது வேறு. பெரும்பாலும் புடைத்த சிரை. அதற்கு இத்தகைய உறை இல்லை; முற்றும் அறுத்தெடுக்க முயல்வது ஆபத்து. கைக்குழந்தைகளின் இமையில் தோன்றும் செந்நிறக் கட்டியும் வேறே. 2008-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர்கள் ப்ரோப்ரனலால் மருந்தின் பயனைக் கண்டறிந்தபின், அதற்குக் கத்தி தேவைப்படுவது குறைந்துவிட்டது. ஆயினும் இமை விழியை மறைத்தால் அக்கண்ணின் பார்வை வளராது. ஆகவே தாமதம் கூடாது.

டில்லியில் 1967-இல் நிறுவப்பெற்ற ராஜேந்திர பிரசாத் கண் மையம் போன்ற இடங்களுக்குச் செல்வோர், தம் பழைய புகைப்படங்கள் சிலவற்றையும் எடுத்துச் செல்லுதல் நன்று. கண் எப்பொழுது முன்வரத் தொடங்கிற்று என்பதை மருத்துவர் அவற்றிலிருந்து கணித்துக்கொள்வார்.