கருநிற மாதரும் சித்திரப் பொறியும்

மாணாக்கர்க்கு உவமையணி கற்பிக்குங்கால் யான் முதலிற் கூறுவதொன்றுண்டு: தான் கண்டறியாத பொருளை ஒருவன் உவமையாக்குதல் அரிது. கடற்கரையில் வளர்ந்தானுக்கு அலையும், மலையில் வளர்ந்தானுக்கு அருவியுமே முந்தி நாவில் வரும். சொல்லைக் கொடுத்தாற் படந்தீட்டித் தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறியும் இதற்கு விலக்கன்று என்பதை அண்மையிற் படித்தறிந்தேன்.

நியூயோர்க்கில் வாழும் ஸ்ரெபனி டிங்கின்ஸ் என்பார் கறுப்பினக் கலைஞர். சிரிப்பவளாகவோ அழுபவளாகவோ ஒரு கறுப்பினப் பெண்ணைத் தீட்டித் தருமாறு சில ஆண்டுகளுக்கு முன் அவர் இத்தகைய பொறியொன்றைப் பணித்தார். வந்ததோ, கரிய போர்வை போர்த்த இளஞ்சிவப்பு உருவம்! கருமை போர்வையில் இருந்தது, மேனியில் இல்லை.

ஏன் இவ்வாறாயிற்று? இப்பொறி தானாக எதனையும் காண்பதில்லை. இணையத்திற் குவிந்த கோடிக்கணக்கான படங்களையும் அவற்றோடு வரும் சொற்களையும் இணைத்துப் பயின்று, எச்சொல்லுக்கு எவ்வுருவம் பெரும்பான்மை என்று கணிக்கின்றது. அக்குவியலில் எவர் அரியரோ, எவர் பிழைபடப் பெயரிடப்பட்டனரோ, அவர் புதுப்படத்திலும் மங்கிப் போவர்.

இக்குறை பொறியோடு பிறந்ததென்று எண்ணற்க. 1950களில் தொடங்கி, வண்ணப் படங்களின் நிறத்தைச் செப்பஞ்செய்வதற்கு ‘ஷேர்லி அட்டை’ என்றொன்றைக் கொடாக் நிறுவனத்தார் படக்கூடங்களுக்கு வழங்கினர். அதில் இருந்தவள் வெள்ளைப் பெண். அவள் மேனி செவ்வையாகத் தோன்றினால் நிறம் செவ்விது என்பது வழக்கு. கரியோர் முகம் அப்படச்சுருளிற் பலவேளை விழியும் பல்லுமாகவே தோன்றியது. மாந்தளிர் நிறத்துக்கு மாமை என்று தனிப்பெயரிட்ட நூலாரைப் பயின்ற எனக்கு இது விந்தையே. பிற்காலத்துச் சுருள் திருந்தியமைக்குச் சொல்லப்படும் காரணமோ நகைப்புக்குரியது. மரத்தளபாடங்களின் நிறமும் சொக்கிலேற்றின் நிறமும் சரியாக விழவில்லை என்று வணிகர் முறையிட்டனராம். மனித முகத்துக்கு இரங்காத சுருள் மேசைக்கு இரங்கிற்று!

முகம் நோக்கும் பொறிகளும் இவ்வாறே. 2018இல் ஜோய் புவோலம்வினி, திம்னிற் கெப்ரு என்னும் கறுப்பினப் பெண் ஆய்வாளர் இருவர், முகத்தைக் கண்டு ஆணா பெண்ணா என்று கூறும் வணிகப் பொறிகள் மூன்றினை 1,270 முகங்கள் கொண்டு சோதித்தனர். வெளிர்நிற ஆடவரிடத்து 0.8 வீதத்துக்கு மேற் பிழைக்காதவை, கருநிறப் பெண்டிரிடத்து 34.7 வீதம் வரை பிழைத்தன.

பிழையை மேற்பூச்சாற் போக்க முயன்றோரும் உளர். 2024 பெப்ரவரியில், 1943ஆம் ஆண்டு ஜேர்மன் படைவீரரைக் கேட்டோர்க்குக் கூகுள் நிறுவனத்தின் ஜெமினிப் பொறி கறுப்பினத்தவரை அவ்வுடையிற் காட்டியது. மனிதர் படந்தீட்டுவதையே நிறுவனம் சிலகாலம் நிறுத்தி வைத்தது. இதனைக் காணுதல் என்று யான் கொள்ளேன்; காணாமையின் வேறொரு வகை என்பேன்.

டிங்கின்ஸ் அம்மையார் சென்ற வழி வேறு. 2018இல் ‘நொற் தி ஒன்லி வன்’ என்ற பேசுஞ் சிற்பத்தைப் படைத்தார். உலகக் குவியலை நம்பாது, தம் குடும்பத்து மூன்று தலைமுறைப் பெண்களின் வாய்மொழிக் கதைகளை அதற்கு ஊட்டினார். ஊட்டியது சிறிதாதலின் அதன் பேச்சு இடையிடையே கோவையற்றுப் போகும். ஏட்டுச்சுவடிகளிற் செல்லரித்த இடங்களைப் பார்த்துப் பழகிய எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. அவ்விடங்களில் எம் பதிப்பாசிரியர் தம் சொல்லை இட்டு நிரப்புவதில்லை, புள்ளியிட்டு விடுகின்றனர்.