டென்டி-கால் வெட்டு (2009)

டென்டி-கால் என்பது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வருமானம் குறைந்தோருக்கு அரசு செலவில் பல் மருத்துவம் வழங்கும் திட்டம். அந்நாட்டுச் சட்டப்படி, மெடிக்கெய்டு என்னும் மருத்துவ உதவித் திட்டத்தில் சேர்ந்த குழந்தைகளுக்குப் பல் மருத்துவம் கட்டாயம். பெரியவர்களுக்குக் கொடுப்பதும் விடுவதும் மாநிலத்தின் விருப்பம். ஆகவே நிதி நெருக்கடி வந்தால் முதலில் கத்தரி விழுவது இங்கேதான்.

2009 ஜூலையில் பெரியவர்களுக்கான பெரும்பாலான பல் சிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. சுமார் 30 லட்சம் பேர் பாதிக்கப்பட்டனர். சொத்தையை அடைக்கப் பணம் கிடையாது. வலி முற்றியபின் பல்லைப் பிடுங்க உண்டு! இதைச் சிக்கனம் என்று சொல்ல முடியவில்லை. பல்வலியோடு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வருவோர் தொகை கூடியது.

மருத்துவரின் நிலை என்ன? நோயாளி வராவிட்டாலும் வாடகையும் உதவியாளர் சம்பளமும் நிற்பதில்லை. போதாக்குறைக்கு, முன்பே குறைவாக இருந்த அரசுக் கட்டணம் 2013இல் மேலும் 10 விழுக்காடு குறைக்கப்பட்டு, 2015இல்தான் பழைய நிலைக்கு வந்தது.

மாணவர்களின் இழப்பு வெளியே அதிகம் தெரியாது. பல் மருத்துவம் கைத்தொழில் போன்றது. பொம்மைத் தலையில் பழகியபின் உண்மையான வாயில் செய்தாக வேண்டும். கல்லூரி மருத்துவமனைகளுக்கு வருவோரில் ஏழைகளே மிகுதி. பல்செட் கட்டக் குழந்தைகளிடம் பழக முடியுமா? அதற்கு வேண்டிய பெரியவர்களுக்குத்தான் உதவி நின்றது. கல்விக்கடனோடு வெளிவரும் இளைஞரும் கட்டணம் குறைந்த திட்டத்தில் சேரத் தயங்குவது இயல்பே.

2014 மே மாதம் சில சிகிச்சைகள் திரும்பின. முன்பல்லுக்கு வேர் சிகிச்சை அப்போதே கிடைத்தது. கடைவாய்ப் பல்லுக்கு 2018 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.