பந்தியில் அறியப்பட்டவர்



ஞாயிறு ஆராதனை முடிந்ததும், "இன்று தேவ பிரசன்னம் பலமாயிருந்தது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். பாடலையும் துதியையும் அந்நிய பாஷையையும் மனதில் வைத்தே அப்படிச் சொல்லுகிறோம். அது தவறன்று. ஆயினும் லூக்கா 24-ஆம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்துப் பாருங்கள். உயிர்த்தெழுந்த கர்த்தர் எம்மாவுக்குப் போன சீஷர் இருவரோடு நெடுந்தூரம் நடந்தார், வேதத்தை விளக்கினார், அவர்கள் உள்ளமும் அனலாயிற்று. அப்பொழுதும் அவரை இன்னாரென்று அறியவில்லை. பொழுது சாய்ந்ததென்று அந்த வழிப்போக்கரை வருந்தி அழைத்துப் பந்தியில் அமர்த்திய பின்னரே அறிந்தார்கள்.

சகோதரர் பக்த் சிங்கை மூத்த விசுவாசிகள் நினைவில் வைத்திருப்பீர்கள். சீக்கியக் குடும்பத்தில் பிறந்து, கனடாவில் இரட்சிக்கப்பட்டு, 1941-ல் சென்னையில் சபை ஊழியத்தைத் தொடங்கியவர். அந்த இடத்துக்கு அவர் இட்ட பெயர் 'யேகோவா ஷம்மா'. அவர் நடத்திய பரிசுத்த கூட்டங்களில் சாதி, மொழி, படிப்பு என்ற வேறுபாடில்லாமல் எல்லாரும் தரையில் வரிசையாய் அமர்ந்து அன்பின் விருந்து உண்டார்கள். அவர் பெந்தெகொஸ்தே ஊழியர் அல்லர். ஆனாலும் இந்தப் பாடத்தில் நமக்கு ஆசிரியர்.

கர்த்தர் அங்கே உண்டு என்பது அப்பெயரின் பொருள். எசேக்கியேல் தன் புத்தகத்தை அந்தப் பெயரோடுதான் முடிக்கிறான். யாருக்காக? எருசலேம் இடிந்து 14 ஆண்டுகள் ஆன பின்பு, பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்காக. வீடிழந்தவர்களுக்குச் சொல்லப்பட்ட பெயர் அது.

வீடிழப்பு தில்லித் தமிழருக்குத் தூரத்துச் செய்தியன்று. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலோரம் இருந்த மதராசி கேம்ப், உயர்நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1 அன்று இடித்து அகற்றப்பட்டது. ஏறக்குறைய 370 வீடுகள். முதற்கணக்கில் 189 குடும்பங்களே நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுள்ளவை என ஏற்கப்பட்டன. நரேலா ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரம். ஜங்புராவிலும் நிஜாமுதீனிலும் வீட்டுவேலை செய்து பிழைத்த பெண்கள் விடியுமுன் புறப்பட்டாலன்றி வேலைக்கு வந்து சேர இயலாது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றும் நரேலாவில் இல்லை.

அங்கே குடியிருந்த எல்லாரும் விசுவாசிகள் அல்லர். இருந்தாலும் உங்கள் சபையின் கடைசி வரிசையைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள். நரேலாவிலிருந்தோ, பவானாவிலிருந்தோ, அதுபோன்ற வேறொரு விளிம்பிலிருந்தோ இரண்டு வண்டி மாறி வந்த சகோதரி ஒருத்தி அங்கே அமர்ந்திருக்கக்கூடும். ஆசீர்வாத ஜெபத்துக்கு முன்பே பேருந்தைப் பிடிக்க எழுந்து போகிறாள். நாமோ, "ஆவியில் குளிர்ந்துபோனாள்" என்கிறோம்! அவள் எங்கிருந்து வருகிறாள் என்று கேட்டவர் எத்தனை பேர்?

சாட்சி வேளையையும் சிந்தியுங்கள். வேலை உயர்வு, மகனுக்கு விசா, மகளுக்கு நல்ல சம்பந்தம்: இவற்றுக்கு அல்லேலூயா சத்தம் கூரையைத் தொடுகிறது. புதுக் குடியிருப்பில் மொழி தெரியாத பக்கத்து வீட்டுப் பெண் முதல் நாளில் ஒரு குடம் தண்ணீர் கொடுத்தாள் என்பதைச் சாட்சியாகச் சொல்ல எவரும் எழுந்து நிற்பதில்லை. அது சிறிய காரியமென்று தாங்களே தள்ளிவிடுகிறார்கள். எம்மாவில் நடந்ததும் ஓர் அப்பம் பிட்கப்பட்ட காரியந்தான். அதைச் சொல்லவே அவ்விருவரும் அந்த இரவில் 11 கிலோமீட்டர் திரும்பி நடந்தார்கள்.

ஐக்கியம் என்று நாம் வாசிக்கும் கிரேக்கச் சொல் 'கொய்னோனியா'. எருசலேமிலிருந்த ஏழைப் பரிசுத்தவான்களுக்காகச் சேர்க்கப்பட்ட பணத்துக்கும் பவுல் ரோமர் 15-ல் அதே சொல்லையே வழங்குகிறார். ஆகவே கூடிப் பாடுவதோடு ஐக்கியம் நிறைவடைந்ததென்று எண்ணவேண்டாம். பேருந்துக் கட்டணமும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும்.

நம் வீட்டுக்கூட்டங்கள் பெரும்பாலும் விசாலமான கூடம் உள்ள வீடுகளையே சுற்றி வருகின்றன. அடுத்த கூட்டத்தை நரேலாவில் வையுங்கள். சமய்பூர் பாத்லி வரை மெட்ரோ உண்டு, அதன்பின் பேருந்து. சமைத்த உணவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அந்த வீட்டாருக்குச் சுமையாக வேண்டாம். அவர்கள் முதலில் பேசட்டும். பிரசங்கம் சுருக்கமாகவே இருக்கட்டும். போதகர்மார் இதற்காக என்மேல் வருத்தப்படமாட்டார்கள் என்று நம்புகிறேன்.