ஊசித் துளையைக் கண்டுபிடிக்கும் கார்

குழந்தைகளே, ஓடாமல் சும்மா நிற்கும் காரும் காற்றைக் கெடுக்கும் என்றால் நம்புவீர்களா? பெட்ரோல் கடுங்குளிரிலேயே ஆவியாகும். வெயிலில் நிற்கும் காரின் டேங்குக்குள் கேட்கவே வேண்டாம். அந்தக் காலத்துக் கார்களில் இந்த ஆவி நேரே வெளியே போய்விடும்.

அதனால் என்ன கெடுதல்? அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் 1940களில் பழுப்பு நிறப் புகைமூட்டம் கவிந்து மக்களின் கண்கள் எரிந்தன. அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஏரி ஹாகன்-ஸ்மித் என்ற விஞ்ஞானி அந்தக் காற்றைப் பிடித்துச் சோதித்தார். பெட்ரோல் ஆவியும் வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950களில் காட்டினார். வானத்தின் உயரத்தில் நம்மைக் காக்கும் அதே ஓசோன், தரையருகே நுரையீரலுக்குக் கேடு. பிறகு 1970ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து ஆவியை வெளியே விடக்கூடாது என்று கலிஃபோர்னியா விதி செய்தது.

ஆவியைப் பிடித்துவைப்பது எது தெரியுமா? கரி! டேங்கிலிருந்து ஒரு குழாய் கரி நிரப்பிய டப்பாவுக்குப் போகும். இந்தக் கரியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். ஒரே ஒரு கிராம் கரிக்குள் 500 சதுர மீட்டருக்கும் மேல் பரப்பு ஒளிந்திருக்கிறது. ஆவி அதில் ஒட்டிக்கொள்ளும். என்ஜின் ஓடும்போது ஒரு வால்வு திறக்கும். கரி வழியாகக் காற்று உறிஞ்சப்பட்டு, ஆவியும் என்ஜினுக்குள் போய் எரிந்துவிடும். துளிகூட வீணில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல் வருவதுதான். குழாயில் ஓட்டை விழுந்தால் கார் தானே கண்டுபிடிக்கும்! பல கார்களில் கணினி வால்வுகளை மூடி, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்துவிட்டுக் காத்திருக்கும். அழுத்தம் சீக்கிரம் ஏறினால் எங்கோ வெளிக்காற்று நுழைகிறது என்று பொருள். மறுபடி சோதித்தும் அப்படியே இருந்தால் என்ஜின் விளக்கை எரியவிட்டு, ‘பி0442’ போன்ற குறியீட்டைப் பதிந்துவைக்கும். அமெரிக்கக் கார்கள் அரை மில்லிமீட்டர் துளையைக்கூட இப்படிப் பிடித்துவிடும்.

ஆனால் துளை எங்கே என்று காருக்குத் தெரியாது. அதைத் தேடுவது மெக்கானிக்கின் வேலை. முதலில் பெட்ரோல் மூடியைத்தான் பார்ப்பார். சரியாகத் திருகாத மூடி, வெடித்துப்போன ரப்பர் வளையம், இவைதான் அடிக்கடி பிடிபடும் குற்றவாளிகள். மூடி நன்றாக இருந்தால், கருவி ஒன்றால் குழாய்களுக்குள் வெண்புகையை மெல்லச் செலுத்துவார். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வருமே, அதுபோலப் புகை வெளிவரும் இடம்தான் ஓட்டை. அந்தக் குழாயையோ வால்வையோ மாற்றினால் வேலை முடிந்தது. விளக்கு மட்டும் உடனே அணையாமல் இருக்கலாம். கார் மறுபடி சோதித்து, சரி என்று உறுதி செய்ய வேண்டுமே!

இந்த ஓட்டை தேடும் வேலையை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு தவழ்ந்து போய்த் தூரத்துப் பொறியிலும் தீப்பிடிக்கும்.

நம் ஊர்ப் பெட்ரோல் கார்களிலும் கரி டப்பா உண்டு. பங்கில் குழாய் தானாக நின்ற பிறகும் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னால், பெட்ரோல் கரிக்குள் வழிந்து அதைப் பாழாக்கிவிடலாம். அடுத்த முறை பங்குக்குப் போகும்போது அப்பா அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். மூடியை இறுகத் திருகியாயிற்றா என்றும் கேளுங்கள்.