கிளிக் ட்ராக்: மெட்டல் டிரம்ஸின் உயிரை எடுத்துவிடுமா?

மாசி மகத்துக்கு மலாக்கா, செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? உறுமி மேளம் நிதானமாகத் தொடங்கி, போகப் போக வேகம் ஏறும். அங்கே யாரும் மெட்ரோனோம் வைத்து அடிப்பதில்லை.

அப்படிப் பழகிய கை மெட்டல் பேண்டில் டிரம்ஸ் வாசிக்க ஸ்டூடியோவுக்குள் போனால், காதில் 'டிக், டிக்' என்று ஓடவிடுவார்கள். "இதைக் கேட்டு அடிச்சா ஃபீல் போயிடாதா?" நியாயமான பயம்தான்.

கிளிக் ட்ராக் என்றால் என்ன?

வாசிப்பவரின் ஹெட்போனில் மட்டும் கேட்கும் சீரான தாளம். பாட்டில் அது பதிவாகாது. நாதஸ்வரக் குழுவில் தாளம் போடுபவரின் வேலைதான் இது. ஆனால், அவர் வித்வானைப் பார்த்துக் கொஞ்சம் அனுசரிப்பார், கிளிக் அனுசரிக்காது.

மெட்டலுக்கு ஏன் தேவை?

முதல் காரணம், வேகம். நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில், ஓர் அடிக்கு நான்கு முறை பெடலை மிதித்தால், இரண்டு மிதிக்கு நடுவே 75 மில்லிவிநாடிதான். சின்னத் தடுமாற்றமும் காதில் விழும்.

இரண்டாவது, பதிவு செய்யும் முறை. பெரும்பாலும் டிரம்ஸ் முதலில் பதிவாகும். பிறகு ஒரே கிட்டார் ரிஃப்பை இரண்டு முறை வாசித்து, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று வைப்பார்கள். டிரம்மர் ஜாசினில், கிட்டாரிஸ்ட் அலோர் காஜாவில் என்று தனித்தனியாகப் பதிவு செய்தாலும், கிளிக் ஒன்றாக இருந்தால் எல்லாம் சேரும்.

கிளிக் கட்டாயமா?

இல்லை. பிளாக் சபாத் தன் முதல் ஆல்பத்தை 1969-ல் ஏறக்குறைய ஒரே நாளில், எல்லோரும் சேர்ந்து வாசித்தே பதிவு செய்தது. அப்படிச் சேர்ந்து வாசிக்க முடிந்தால் நீங்களும் முயலலாம்.

அப்படியென்றால் ஃபீல்?

கிளிக் ஒரே வேகத்தில்தான் ஓட வேண்டும் என்று சட்டமில்லை. முதலில் கிளிக் இல்லாமல் முழுப் பாட்டையும் வாசித்துப் பதிவு செய்யுங்கள். எங்கே வேகம் ஏறுகிறது என்று பாருங்கள். சரணம் 170, கோரஸ் 174 என்றால், அதையே மென்பொருளில் 'டெம்போ மேப்' ஆகப் போடுங்கள். இப்போது கிளிக் உங்கள் பின்னால் வரும்.

எப்படிப் பழகுவது?

பாதி வேகத்தில் தொடங்குங்க. உங்கள் அடி சரியாக விழும்போது கிளிக் சத்தம் அதற்குள் மறைந்துவிடும். பிறகு இரண்டு சுற்று கிளிக்கோடு, இரண்டு சுற்று கிளிக் இல்லாமல் அடிச்சுப் பாருங்க. கிளிக் திரும்ப வரும்போது நீங்களும் அதே இடத்தில் நின்றால், தாளம் உங்களுக்குள் வந்துவிட்டது.