இணையக் கொள்வனவு: வரியைக் கணக்கிடுவது யார்?

அல்லைப்பிட்டிக் கடைக்காரர் ஒருவர் சீனாவிலிருந்து இணையவழியில் கைபேசி உறைகள் தருவிக்கிறார். வற் வரியைக் கணக்கிடுவது விற்றவரா, இவரா? பொருளென்றால் இருவருமல்லர், இலங்கைச் சுங்கமே மதிப்பிடும்.

2024 ஜனவரியில் வற் 18 சதவீதமானது. பட்டியல் விலைக்கு மட்டும் அது என்று எண்ணிவிடாதீர்கள். கப்பற்கூலி, காப்புறுதி சேர்ந்த பெறுமதியில் 10 சதவீதம் கூட்டி, தீர்வையையும் சேர்த்தே கணக்கிடுவர். பெறுமதி 1,00,000 ரூபா, தீர்வை 15,000 என்றால் வற் 22,500. வற் பதிவுள்ளவர் இதைக் கழித்துக்கொள்ளலாம். பதிவில்லாத சிறு வியாபாரிக்கோ அது அடக்கவிலைதான்.

'அன்பளிப்பு' என்றெழுதி விலையைக் குறைத்துக் காட்டச் சொல்வோரும் உண்டு. அது பொய்ச்சாட்சி, ஹலாலான வியாபாரமாகாது. பிடிபட்டால் தண்டம் கட்டுபவர் சீன விற்பனையாளரல்ல, பொதியைத் தருவித்தவரே.