ஆறு துண்டாகும் முள்ளிக்குளம்

மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், முசலிப் பிரதேச செயலாளர் பிரிவில், வில்பத்துக் காட்டுக்கு வடக்கே கடலோரமாக இருக்கிறது முள்ளிக்குளம். 2007 செப்டெம்பரில் படையினர் ஊராரை வெளியேற்றினார்கள். பிறகு கடற்படை அங்கே தன் வடமேல் கட்டளைத் தலைமையகத்தை நிறுவியது. 2017இல் மக்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். ஏப்ரல் கடைசியில் 100 ஏக்கர் காணியை விடுவிப்பதாகக் கடற்படைத் தளபதி அறிவித்தார். இதற்கிடையே இந்த ஊரின் பெயர் எத்தனையோ மனுக்களிலும் செய்திகளிலும் அறிக்கைகளிலும் எழுதப்பட்டுவிட்டது.

அவற்றையெல்லாம் ஒருவர் கணினியில் சேர்த்து, எந்த ஊர்ப்பெயர் எந்த ஆண்டில் எத்தனை தடவை வருகிறது என்று எண்ண விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் பைதான் நிரல்மொழியைத்தான் எடுப்பார். நம் உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் கற்பிக்கப்படுவதும் அதுதான். ஓர் உரையிலிருந்து சொற்களைப் பிரித்தெடுக்க பலரும் கையாளும் ஒரு வழி உண்டு: பின்சாய்கோடும் டபிள்யூ எழுத்தும் சேர்ந்த தேடற்குறி. 'சொல்லில் வரக்கூடிய எழுத்து எதுவும்' என்பது அதன் பொருள். அத்தகைய எழுத்து ஒன்றோ பலவோ தொடர்ந்து வரலாம் என்று அந்தக் குறியைக் கொடுத்து 'முள்ளிக்குளம்' என்ற சொல்லைத் தேடினால் வருவது இதுதான்: ம, ள, ள, க, க, ளம.

ஓர் ஊர் ஆறு துண்டு. 'மன்னார்' மன, ன, ர என்று மூன்றாகும். 'அரிப்பு' அர, ப, ப என்று மூன்றாகும். எண்ணிக்கைப் பட்டியலின் உச்சியில் ஊர்ப்பெயர் எதுவும் இராது, தனித்தனி ககரமும் பகரமும்தான் இருக்கும். உயர்தர மாணவி ஒருத்தி இதைப் பார்த்தால் தன் நிரலில்தான் பிழை என்று மணிக்கணக்காகத் தேடுவாள். பிழை அவளிடம் இல்லை.

காரணம் யூனிகோட் எழுத்துகளை வகைப்படுத்தியிருக்கும் முறையில் தொடங்குகிறது. கணினி 'முள்ளிக்குளம்' என்பதை ஏழு எழுத்தாகச் சேமிப்பதில்லை, 13 குறிகளாகச் சேமிக்கிறது. அகரமேறிய மகரம், அடுத்து உகரக் குறி, அடுத்து ளகரம், அடுத்து புள்ளி என்று வரிசையாக. இவற்றில் ம, ள, க ஆகியவை யூனிகோட் அட்டவணையில் 'எழுத்து' என்ற வகையில் இருக்கின்றன. உயிர்க்குறிகளும் புள்ளியும் 'இணைகுறி' என்ற வேறு வகையில் இருக்கின்றன. பைதானின் தேடற்குறி எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டுமே சொல்லின் பகுதியாகக் கொள்கிறது. இணைகுறி வந்த இடத்தில் சொல் முடிந்துவிட்டது என்று வெட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் இணைகுறி வருவதே அரிது. தமிழில் அது இல்லாமல் ஒரு வரி எழுத முடியாது. ஒரு பெயர் முழுவதும் எழுத்துகளால்தான் ஆனதா என்று சோதிக்கும் இஸ்ஆல்ஃபா என்ற செயற்கூறுக்கும் இதே நோய் உண்டு. 'பல' என்ற சொல் அதில் தேறிவிடும். கடல், வலை, படகு மூன்றும் தேறா. அதை நம்பி எழுதிய படிவம் தமிழில் எழுதிய பெயர்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திருப்பி அனுப்பும்.

பைதான் ஒரு கட்டற்ற மென்பொருள். அதன் மூலநிரலை யாரும் வாசிக்கலாம், குறை கண்டால் யாரும் முறையிடலாம். அந்த முறையீட்டுக்கு வழு அறிக்கை என்று பெயர். புதிதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னால் அது முன்மொழிவு. இரண்டுக்கும் உள்ள எல்லை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெளிவாகத் தோன்றும். அந்த எல்லையில்தான் பெரும்பாலான வழக்குகள் நடக்கின்றன. ஆவணம் வாக்களித்த ஒன்றை மென்பொருள் செய்யவில்லை என்றால் அது வழு. ஆவணம் வாக்களிக்காத ஒன்றை நாம் கேட்டால் அது முன்மொழிவு. வழுவைத் திருத்துவது கடமை, முன்மொழிவை ஏற்பது விருப்பம். ஆகவே நம் குறை எந்தப் பக்கத்தில் விழுகிறது என்பது பெயர்வைப்பு விவகாரம் அல்ல, அதன் கதியைத் தீர்மானிக்கும் விஷயம்.

சொல் துண்டாகும் குறை எந்தப் பக்கம்? பைதான் ஆவணத்தைத் திறந்தால் தேடற்குறி எதையெல்லாம் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறது: எழுத்தும் எண்ணும் அடிக்கோடும். இணைகுறியைப் பற்றிப் பேச்சில்லை. ஆவணம் சொன்னதையே மென்பொருள் செய்கிறது, எனவே வழு இல்லை என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் இத்தகைய தேடல்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யூனிகோட் அமைப்பு தன் தொழில்நுட்பத் தரம் 18இல் வரையறுத்திருக்கிறது. அதில் இணைகுறிகளும் சொல்லெழுத்துகளே. அந்தத் தரத்தை வைத்துப் பார்த்தால் இது வழுதான். ஆவணமே தவறான வாக்குறுதியைத் தந்திருக்கிறது.

இந்தக் குறையை முதலில் பார்த்தவர்கள் நாம் அல்லர். 2007 ஏப்ரலில் ஒருவர் பைதானின் வழுப் பதிவேட்டில் இதை எழுதினார். தேவநாகரி உரையில் சொற்கள் சிறு துண்டுகளாகின்றன, உயிர்க்குறிகள் பொருந்தாததே காரணமாக இருக்கலாம், இணைகுறி வகைகளையும் சேர்த்தால் இந்திய எழுத்துகளுக்குப் பயன்படும் என்பதே சாரம். சில வரிகள்தான். என்ன செய்தேன், என்ன ஆனது, ஏன் ஆகியிருக்கலாம், எப்படித் திருத்தலாம் என்ற நான்கும் அந்தச் சில வரிகளில் அடங்கியிருந்தன. நல்ல அறிக்கைக்கு இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. நான்காண்டு கழித்து, 2011 ஆகஸ்டில், பேர்ல் மொழி உலகில் நன்கறியப்பட்ட டாம் கிறிஸ்டியான்சென் அதே குறையை மீண்டும் பதிந்தார். அவர் அறிக்கையின் தலைப்பே தரம் 18 முழுமையாக மீறப்படுகிறது என்று குற்றஞ்சாட்டியது. முதல் அறிக்கை பயனில்லை என்றது. இரண்டாவது அறிக்கை விதிமீறல் என்றது. முறையிடுகிறவர் எந்த விதியைக் காட்டிப் பேசுகிறார் என்பது அறிக்கையின் பலத்தை எவ்வளவு மாற்றுகிறது என்பதை இந்த இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து வாசித்தால் உணரலாம்.

ஆனாலும் 2023இல் வந்த பைதான் 3.12இலும் முள்ளிக்குளம் ஆறு துண்டுதான்.

ஏன்? அலட்சியம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது முழு உண்மை அல்ல. தேடற்குறியின் பொருளை ஒரே இரவில் மாற்றினால், பழைய நடத்தையை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் உலகெங்கும் வேறு விடை தரத் தொடங்கும். வங்கியிலோ மருத்துவமனையிலோ ஓடும் நிரல் எது எதை நம்பியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நிரல்மொழி பராமரிப்பாளர்களின் பெரிய பயம் இதுதான். இதோடு இன்னொரு காரணமும் இருந்தது. மேத்யூ பார்னெட் என்பவர், இந்தத் தேடற்குறிகளைக் கையாளும் பைதானின் தேடற்பொதியை முழுவதும் புதிதாக எழுதினார். அதில் 2007இன் அந்த அறிக்கையின் இலக்கத்தையே குறிப்பிட்டு, சொல்லெழுத்தின் வரையறையை விரித்தார். அந்தப் பொதி பைதானுக்குள் வந்துவிடும் என்று நெடுநாள் எதிர்பார்க்கப்பட்டது. வரவில்லை. இன்றும் தனியாக நிறுவிக்கொள்ளக் கிடைக்கிறது; தமிழ் உரையோடு வேலை செய்பவர்கள் அதை நிறுவிக்கொள்வதே நல்லது.

பிற மொழிகள் இதை வேறுவிதமாகத் தீர்த்தன. பேர்லிலும் ரஸ்டிலும் சொல் உடைவதில்லை. 2011இல் வந்த ஜாவா 7 பழைய நடத்தையைத் தொடாமல் விட்டு, யூனிகோட் விதிப்படி நடக்க ஒரு தனி விருப்பத்தைச் சேர்த்தது. வேண்டியவர் அதைத் திறந்துகொள்ளலாம். பழைய நிரலும் உடையாது, தமிழும் உடையாது. ஒரு வழு அறிக்கை முட்டுச்சந்தில் நிற்கும்போது அதையே முன்மொழிவாக மாற்றி எழுதுவது எப்படி என்பதற்கு இது நல்ல உதாரணம்.

முன்மொழிவுகளுக்குப் பைதானில் 2000ஆம் ஆண்டிலிருந்து ஓர் ஒழுங்கு உண்டு. பெப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இலக்கமிட்ட ஆவணங்கள் அவை. என்ன மாற்றம், ஏன் தேவை, பழைய நிரல்களுக்கு என்ன ஆகும், என்னென்ன மாற்று வழிகள் யோசிக்கப்பட்டுக் கைவிடப்பட்டன என்று எழுத வேண்டும். கடைசிப் பகுதியை நான் எப்போதும் முதலில் வாசிப்பேன். கைவிட்டதற்கான காரணங்களை எழுதாத முன்மொழிவு மறுபடி மறுபடி அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் களைத்துப்போகும். எவ்வளவு கவனமாக எழுதினாலும் மோதல் வரலாம். 572ஆம் பெப் ஓர் எழுதுமுறையைச் சேர்க்கக் கோரியது; அது ஏற்கப்பட்டது. ஆனால் விவாதத்தின் கசப்பில் பைதானை உருவாக்கிய கைடோ வான் ரோஸம் 2018 ஜூலையில் தலைமைப் பொறுப்பிலிருந்தே விலகினார். 2019 முதல் ஐவர் கொண்ட தேர்ந்தெடுக்கப்பட்ட குழு முடிவெடுக்கிறது.

நமக்கு நேரடியாகப் பயன்பட்ட பெப் 3131ஆம் இலக்கமுடையது. மார்ட்டின் வான் லோவிஸ் 2007 மேயில் எழுதினார். மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் பெயரிட விட வேண்டும் என்பது கோரிக்கை. மற்றவர்களால் வாசிக்க முடியாது, ஒன்றுபோலத் தோன்றும் எழுத்துகள் குழப்பும் என்று எதிர்ப்பு வந்தது. இருந்தும் ஏற்கப்பட்டு, 2008 டிசம்பரில் பைதான் 3.0உடன் நடைமுறைக்கு வந்தது. அது யூனிகோட்டின் பெயரிடல் விதியைப் பின்பற்றியதால் இணைகுறிகளையும் ஏற்றது. விளைவாக இன்று 'முள்ளிக்குளம்' என்று ஒரு மாறிக்குப் பெயரிட்டால் பைதான் முழுசாக ஏற்கும். அதே பெயரைச் சொல்லாகத் தேடினால் உடைக்கும். ஒரே மொழிக்குள் இரண்டு விதி.

எல்லாக் குறையும் வழு ஆகாது. 'முள்ளிக்குளம்' எத்தனை நீளம் என்று பைதானைக் கேட்டால் 13 என்கிறது. நமக்கு ஏழு. இதை வழு என்று பதிந்தால் அன்றே மூடிவிடுவார்கள், அது நியாயமும்கூட. குறிகளை எண்ணித் தருவேன் என்றுதான் அந்தச் செயற்கூறு சொல்லியிருக்கிறது. வாசகர் காணும் எழுத்தையே ஓர் அலகாகக் கொள்வது என்று ஸ்விஃப்ட் மொழி தொடக்கத்திலேயே முடிவெடுத்தது, அங்கே விடை ஏழு. பைதானில் தமிழுக்காக ஓபன்-தமிழ் என்ற பொதியை முத்து அண்ணாமலையும் தோழர்களும் உருவாக்கினார்கள். அதிலும் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்தால் ஏழே வரும். தமிழிலேயே நிரல் எழுத எழில் மொழியைச் செய்தவரும் அவர்தான். மொழியின் மையத்தில் மாற்றம் வரும்வரை காத்திராமல் வெளியே ஒரு பொதியைச் செய்துகொள்வதும் மதிப்பான வழி. எது வேண்டும் என்று அந்தப் பொதி செயலில் காட்டிவிடுவதால், பின்னால் வரும் முன்மொழிவுக்கு அது சான்றாகவும் நிற்கும்.

இலங்கைக்குள்ளேயே பிறந்த நிரல்மொழி ஒன்றும் உண்டு: பலேரினா. 2005இல் தொடங்கப்பட்ட டபிள்யூ.எஸ்.ஓ2 நிறுவனம் கொழும்பிலிருந்து அதை உருவாக்கி, 2017இல் வெளியுலகுக்குக் காட்டி, 2019 செப்டெம்பரில் 1.0 பதிப்பை வெளியிட்டது. எக்ஸ்எம்எல் உருவாக்கத்தில் பெரும்பங்காற்றிய ஜேம்ஸ் கிளார்க் அதன் வடிவமைப்பில் பங்குகொண்டார். அங்கே வழுவுக்கும் முன்மொழிவுக்குமான எல்லையைக் கண்ணால் பார்க்கலாம். மொழியின் இலக்கணத்தை விவரிக்கும் ஆவணத்துக்கு கிட்ஹப்பில் ஒரு களஞ்சியம், அந்த இலக்கணப்படி நடக்கும் தொகுப்பிக்கு இன்னொரு களஞ்சியம். இலக்கணம் சொன்னபடி தொகுப்பி நடக்காவிட்டால் தொகுப்பியின் களஞ்சியத்தில் எழுத வேண்டும். இலக்கணமே போதாது என்றால் ஆவணத்தின் களஞ்சியத்தில். பைதான் வழக்கில் பலர் சறுக்கிய இடம் இங்கே கட்டமைப்பிலேயே பிரிக்கப்பட்டிருக்கிறது. பெயர்களில் எந்தெந்தக் குறிகள் வரக்கூடாது என்று மட்டும் சொல்லி மற்றவற்றை அனுமதிப்பது பலேரினாவின் விதி. புள்ளியும் உயிர்க்குறியும் அதில் தடையின்றி நுழைகின்றன.

அறிக்கை எழுத நிரலாக்கத்தில் புலமை வேண்டியதில்லை, பொறுமை வேண்டும். முதலில், இதே குறையை வேறு யாராவது பதிந்திருக்கிறார்களா என்று தேட வேண்டும். பதிந்திருந்தால் புதிதாகத் தொடங்காமல் அங்கேயே நம் சான்றைச் சேர்க்க வேண்டும். அடுத்து, குறையைக் காட்டும் மிகச் சிறிய நிரலை ஆக்க வேண்டும். 300 வரி நிரலில் ஒவ்வொன்றாக வெட்டி, இதற்கு மேல் எதை எடுத்தாலும் குறை மறைந்துவிடும் என்ற இடத்தில் நிறுத்த வேண்டும். முள்ளிக்குளம் வழக்கில் மிஞ்சுவது ஒரே வரி. வெட்டும்போதே பாதிப் பேருக்குக் காரணம் புலப்பட்டுவிடும். பிறகு எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன, எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம். பதிப்பை வெறும் சம்பிரதாயத்துக்காகக் கேட்பதில்லை. பழைய பதிப்பில் சரியாக இருந்து புதியதில் கெட்டிருந்தால், இடையிலுள்ள ஆயிரம் மாற்றங்களை நடுவில் வெட்டி வெட்டிச் சோதித்து, பத்தே சோதனையில் கெடுத்த மாற்றத்தைப் பிடித்துவிடலாம். அதற்குத் தொடக்கமும் முடிவும் தெரிய வேண்டும்.

தமிழ் தெரியாத பராமரிப்பாளருக்கு இன்னொன்றும் தர வேண்டும். சொல்லைப் படமாக அனுப்பக்கூடாது, எழுத்தாகவே ஒட்டி ஒவ்வொரு குறியின் யூனிகோட் இலக்கத்தையும் எழுத வேண்டும். துண்டானது எங்கே என்று அவரால் கண்ணால் காண முடியாது. இலக்கத்தைப் பார்த்தால் புரிந்துகொள்வார்.

ஒரு வழு திருத்தப்படும்போது அது திரும்ப வராமல் காக்க ஒரு சோதனையும் சேர்க்கப்படும். பைதானின் தேடற்பொதிக்கு அத்தகைய சோதனைகள் நிறைந்த கோப்பு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அவை முழுவதும் ஓடும். அங்கே ஒரு தமிழ்ச் சொல் நுழைந்துவிட்டால், பிறகு தமிழ் அறியாத ஒருவர் எங்கிருந்து எதை மாற்றினாலும் அந்தச் சொல் உடைந்தால் அவருக்கு உடனே தெரிந்துவிடும். அதனால் சோதனைச் சொற்களை யோசித்துத் தேர வேண்டும். 'முள்ளிக்குளம்' நல்ல சொல்: உகரக் குறி, இகரக் குறி, புள்ளி, இரட்டித்த மெய், ஈற்றுப் புள்ளி எல்லாம் இருக்கின்றன. 'சிலாவத்துறை' ஆகாரக் குறியையும் ஐகாரக் குறியையும் கொண்டுவரும். எழுத்தின் இருபுறமும் நிற்கும் குறி இரண்டிலும் இல்லை. அதற்கு அதே கரையிலுள்ள 'கொண்டச்சி'யைச் சேர்க்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், எகரக் குறியும் ஆகாரக் குறியுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. கணினிக்கோ அவை இரண்டு வேறு சொற்கள். சோதனையில் இரண்டு வடிவமும் இருக்க வேண்டும்.